அரியாலையிலிருந்து ஓர் இரகசியப் பொதி

மாமி கேட்டபோது நான் உண்மையைச் சொன்னேன். அதிலிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

கொழும்பிலிருந்து அரியாலைக்கு நாங்கள் வந்து சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. இவருக்கு யாழ்ப்பாணத்தில் ஒரு பாடசாலையில் இரசாயனவியல் ஆசிரியராக இடமாற்றம் கிடைத்திருந்தது. எனக்கு இடமாற்றம் தேவைப்படவில்லை. என் கந்தோர் மடிக்கணினிக்குள் இருந்தது. அதைத் தோள்பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். இவருடைய தாயாரின் வீட்டில், ஒழுங்கையைப் பார்த்திருக்கும் முன்னறையை எனக்கு ஒதுக்கிக் கொடுத்தார்கள். காலையில் இவர் மோட்டார் சைக்கிளை உதைத்துப் புறப்படுவார். நான் தேநீர்க் கோப்பையோடு முன்னறைக்குப் போய்க் கதவைச் சாத்துவேன்.

வேலைக்குப் போகிற மருமகளை மாமி எதிர்பார்த்திருந்தார். வேலையும் செய்துகொண்டு வீட்டிலும் இருக்கிற மருமகளை எந்தக் கணக்கில் சேர்ப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. அயலவர் கேட்டால் சொல்வதற்கு ஒரு வசனமாவது வேண்டும். ஒருநாள் குசினியில் மீனுக்குச் செதில் தட்டிக்கொண்டிருந்தவர், திரும்பாமலே கேட்டார்.

"பிள்ளை, நீ உந்த அறைக்குள்ளை இருந்து என்னதான் செய்யிறனீ?"

"பக்கேஜ் செய்யிறன் மாமி. பொதி கட்டுற வேலை எண்டு வையுங்கோவன்."

"என்ன பொதி?"

"கொம்பியூட்டருக்குப் போடுற சாமான். வேறை ஆக்கள் எழுதுவினம். நான் அதை வடிவாய்ப் பொதி கட்டி, பிழையில்லையெண்டு பாத்து, வெளிநாட்டு ஆக்களும் எடுத்துப் பாவிக்கிற மாதிரி அனுப்பி விடுறன்."

மாமியின் முகம் தெளிந்தது. பொதி, வெளிநாடு என்ற இரண்டு சொற்களும் எங்கள் ஊரில் எவருக்கும் விளக்கத் தேவையில்லாதவை. மற்றச் சொற்களையெல்லாம் அவர் செதிலோடு சேர்த்து ஒதுக்கிவிட்டார் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.

என் பங்கு இவ்வளவுதான். மிச்சத்தை இவர் பார்த்துக்கொண்டார்.

எங்கள் வேலிக்கு அடுத்த வீட்டில், கச்சேரியில், அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், எழுதுவினைஞராக இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் இருக்கிறார். ஊருக்கே அவர் கச்சேரி ஐயா. ஒருநாள் காலை படலையடியில் அவர் இவரை மறித்து, "தம்பி, உம்மடை மனிசிக்கு என்ன வேலை?" என்று கேட்டிருக்கிறார். 'கொன்பிடென்ஷல் வேர்ச்சுவல் மெஷின்களுக்கான ஃபர்ம்வேர்' என்று என் வேலையை இவருக்கு நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆவர்த்தன அட்டவணையைக் கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிக்கும் மனிதருக்கு இதில் முதல் சொல்லைத் தாண்டி எதுவும் நினைவில் நிற்பதில்லை. "கொன்பிடென்ஷல் ஐயா" என்றார். அதற்கு மேல் வராததால், மணி அடிக்கப்போகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஐயாவோ அந்தச் சொல் சிவப்பு மையில் குத்தப்பட்ட கடித உறைகளுக்கு நடுவே தன் உத்தியோக காலத்தைக் கழித்தவர். அதைச் சொன்ன கையோடு ஒருவர் அவசரமாகப் புறப்பட்டால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? அன்று பின்னேரம் நான் செவ்வரத்தைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது, வேலிக்கு அப்பால் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஒருமுறை மெதுவாக அசைத்தார். ஒரு பெரிய உத்தியோகத்தர் இன்னொரு பெரிய உத்தியோகத்தருக்குச் செய்கிற அசைவு அது. நானும் மரியாதைக்குத் தலையை அசைத்து வைத்தேன். அது ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிட்டது.

மாமி ஒழுங்கையின் ஒரு முனையிலிருந்து கதையைத் தொடங்கினார், ஐயா மறுமுனையிலிருந்து. இரண்டு கதைகளும் நடுவில் சந்தித்தபோது நான் வெளிநாட்டுக்கு இரகசியமாகப் பொதி அனுப்புகிறவள் ஆகியிருந்தேன்.

முதலில் வந்தவர் ஒழுங்கை முடக்கில் இருக்கும் அன்ரி. கையில் பல பொலித்தீன் பைகளுக்குள் சுற்றப்பட்ட ஒரு மூட்டை. அதைத் தாண்டியும் வறுத்த கொத்தமல்லியின் மணம் முன்னறையை நிறைத்தது.

"தங்கச்சி, இது கனடாவிலை இருக்கிற மகளுக்கு. நானே வறுத்து இடிச்ச மிளகாய்த்தூள். நீர் எப்பிடியும் பொதி அனுப்புறனீர்தானே. அதோடை இதையும் ஒரு மூலையிலை வைச்சு விடும்."

"அன்ரி, நான் அனுப்புறது கையிலை தூக்கிற சாமான் இல்லை. அது கொம்பியூட்டருக்குள்ளாலை போறது."

அன்ரி சிரித்தார். பிறகு கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஓம் ஓம், எனக்குத் தெரியும். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து மாமியின் குரல் வந்தது. "வைச்சிட்டுப் போங்கோ அன்ரி, பிள்ளை பாத்துக்கொள்ளுவாள்." மாமிக்கும் அவர் அன்ரிதான், ஊரில் சிலருக்கு அப்படி ஒரு நிரந்தரப் பதவி.

அதன்பிறகு வரத்து நிற்கவில்லை. பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் வந்தது. பிரான்சில் இருக்கும் பேரனுக்கென்று பயற்றம் பணியாரம் வந்தது. இலண்டனில் நடக்கவிருந்த கலியாணத்துக்குத் தைத்த சட்டைகள் வந்தன. ஒருவர் மூட்டுவலி எண்ணெய்ப் போத்தலை நீட்டி, "உங்கடை ஆக்கள் பிரிச்சுப் பாக்கமாட்டினம்தானே?" என்று கேட்டார். என்னுடைய ஆட்கள் யார் என்று கேட்க எனக்கும் ஆவல்தான். வாங்கி மேசைக்கடியில் வைத்தேன்.

இவற்றையெல்லாம் உண்மையாகவே அனுப்பவேண்டியவர் யார் என்பதில் எங்கள் வீட்டில் விவாதம் இருக்கவில்லை. அந்தச் சொல்லைப் படலையடியில் உச்சரித்தவர்தான். பாடசாலை முடிந்து வந்ததும் பொதிகளை மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு பட்டணத்துக் கூரியர் கடைக்கு இவர் போய்வந்தார். "கந்தகமும் கரியும் படிப்பிக்க வந்த மனிசன், இப்ப மிளகாய்த்தூள் காவுறன்" என்று முணுமுணுப்பார். கூரியர் கடைக்காரர் இவரைக் கண்டதும் கதிரை எடுத்துப் போடத் தொடங்கியிருந்தார்.

என்னுடைய உண்மையான வேலை என்னவென்று இங்கே சொல்லிவிட வேண்டும். இவருக்கு நான் அதை வடிவாக விளங்கப்படுத்தியது அப்படி ஒரு நாள் அவர் பொதிகளோடு அலைந்து களைத்து வந்தபோதுதான். காரணம் தெரியாமல் ஒருவரைத் தண்டிக்கக்கூடாது அல்லவா.

"ஒரு பெரிய கொம்பனியின்ரை கொம்பியூட்டரிலை நீங்கள் கொஞ்ச இடம் வாடகைக்கு எடுக்கிறியள் எண்டு வையுங்கோ. அது உங்களுக்கெண்டு ஒரு தனிக் கொம்பியூட்டர் மாதிரி ஓடும். ஆனா இரும்பு முழுக்க அவன்ரை. நினைச்சா உள்ளுக்கை எட்டிப் பாப்பான். நான் வேலை செய்யிற வகை மெஷினிலை அவனாலையும் பாக்கேலாது. உள்ளுக்கை இருக்கிறதை எல்லாம் சிப்பே பூட்டிப்போடும்."

"அப்ப நீர் பூட்டுச் செய்யிறீரோ?"

"இல்லை. அந்த மெஷின் கண் முழிக்கேக்கை முதல் முதல் ஓடுற சின்னப் புரோகிராம் ஒண்டு இருக்கு. அதுதான் ஃபர்ம்வேர். அதை ஆரும் களவாய் மாத்தி வைச்சா, பிறகு பூட்டியென்ன, பூட்டாமலென்ன. அதாலை சிப் அதை முழுக்க அளந்து, ஒரு இலக்கத்தைக் கையெழுத்து வைச்சுக் குடுக்கும். வாடகைக்கு எடுத்தவன் தன்னட்டை இருக்கிற இலக்கத்தோடை அதை ஒப்பிட்டுப் பாப்பான். சரியெண்டாத்தான் பூட்டைத் திறக்கிற திறப்பைக் குடுப்பான்."

"ஒரு எழுத்து மாறினா?"

"இலக்கம் முழுக்க மாறிடும். திறப்பு வராது. மெஷின் வாசலிலை நிண்டுகொண்டு இருக்கும்."

இவர் சற்று யோசித்தார். "அம்மா தன்ரை அலுமாரித் திறப்புக்குக்கூட இவ்வளவு பாடு படேல்லையே" என்றார்.

அந்த ஃபர்ம்வேரைப் பொதியாக்குவதுதான் என் வேலை. சாதாரண மெஷின்களுக்கு ஒன்றும், இந்த இரகசிய மெஷின்களுக்கு வேறொன்றுமாகத் தனித்தனியே கட்டவேண்டும். கஷ்டமான இடம் வேறு. அந்த இலக்கத்தை நாலு பேர் நம்பவேண்டுமானால், ஒரே மூல நிரலை எவர் எங்கே கட்டினாலும் கடைசி எழுத்துவரை ஒரே கோப்பு வரவேண்டும். அரியாலையில் கட்டினாலும் அதுதான், ஜேர்மனியில் கட்டினாலும் அதுதான்.

ஜேர்மனி என்று சும்மா சொல்லவில்லை. நான் கட்டுகிற ஒவ்வொரு பொதியையும் அங்கே ஒருவர் மறுபடி தன் கணினியில் கட்டிப் பார்த்த பிறகுதான் அது வெளியே போகும். அவருடைய முகத்தை நான் கண்டதில்லை. முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சைக்கிள் சில்லின் படத்தைப் போட்டிருந்தார். குணமும் சில்லுப் போலத்தான்: வட்டம் பிசகாது, கம்பி வளையாது. வரி முடிவில் ஓர் இடைவெளி அதிகமாக இருந்தாலும் திருப்பி அனுப்புவார். சரியாக இருந்தால் 'சரி' என்று ஒரு சொல். அந்தச் சொல்லுக்குப் பின்னால் முற்றுப்புள்ளியும் வைப்பார். சில வருடங்களாக எங்களுக்குள் நடந்த உறவு இவ்வளவுதான். அதில் எனக்குக் குறையும் இருக்கவில்லை.

அந்தப் பங்குனியில் புதிய ஃபர்ம்வேர் ஒன்று வெளிவந்தது. அதை விரைவாகக் கட்டி அனுப்பவேண்டும். பகலில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தால் கதவைத் தட்டினார்கள். சாத்தாமல் இருந்தால் உள்ளே வந்து கதிரையில் அமர்ந்து, மகளின் மாமியாரைப் பற்றிச் சொன்னார்கள். கட்டுவதற்கான கட்டளையை எழுதத் தொடங்குவேன். பாதியில் ஒருவர் முறுக்கு உடையாமல் போகுமா என்று கேட்பார். கடைசியில் நான் நேரத்தை மாற்றிக்கொண்டேன். விடியப்புறம், பாண் விற்கிறவர் ஓட்டோவில் பாட்டுப் போட்டுக்கொண்டு வருவதற்கு முன்னரே எழும்பி, வீடு உறங்கும்போது வேலையைச் செய்தேன். அருமையான நேரம் அது. சேவல்கள் மட்டுமே பேசும். அவை எதையும் அனுப்பச் சொல்லிக் கேட்பதில்லை. எல்லாவற்றையும் முடித்து, இன்ன இன்ன மாற்றம் செய்தேன் என்ற வழமையான குறிப்பையும் எழுதிச் சேர்த்து, ஜேர்மன்காரருக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடித்தேன்.

பதில் அன்று பின்னேரம் வந்தது. 'ஒத்துவரவில்லை.' கீழே இரண்டு இலக்கங்கள்: அவருடைய கணினியில் வந்தது, என்னுடையதில் வந்தது. இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

மூலம் ஒன்று. செய்முறை ஒன்று. கருவிகளின் பதிப்பும் ஒன்று. கோப்பின் அளவுகூட ஒன்று. நான் மறுபடி கட்டினேன். என்னுடைய பழைய இலக்கமே வந்தது. அவரும் மறுபடி கட்டினார், அவருடையதே வந்தது. இரண்டு பேரும் தத்தம் இலக்கத்தில் உறுதியாக நின்றோம். உங்கள் கணினியில் வேறு ஏதாவது மென்பொருள் குறுக்கே நிற்கிறதா என்று அவர் மிகவும் பண்பாகக் கேட்டார். உங்களுடைய வன்தட்டுக்கு வயது என்ன என்று நான் அதைவிடப் பண்பாகக் கேட்டேன். ஒருவரை ஒருவர் 'அன்புள்ள' என்று விளிக்கத் தொடங்கியிருந்தோம். நிலைமை அவ்வளவு மோசம்.

என் முகத்தை மாமி கவனித்துவிட்டார்.

"ஏன் பிள்ளை, ஒரு மாதிரி இருக்கிறாய்? சாப்பாடும் இறங்கேல்லை."

களைப்பில் மறுபடியும் உண்மையைச் சொன்னேன். மனிதர் பட்டுத் தெளிவதில்லை.

"நான் கட்டின பொதி பிழையெண்டு ஜேர்மன்காரர் திருப்பிப் போட்டார் மாமி."

"ஐயோ! என்ன பிழை?"

"அதுதான் தெரியேல்லை. வெளியாலை பாக்க எல்லாம் சரி. உள்ளுக்கை என்னவோ மாறிக் கிடக்கு."

மாமி நெஞ்சில் கை வைத்தார். அவர் புறம் பேசுகிற ஆள் அல்ல. கவலையை மனதுக்குள் வைத்திருக்கத் தெரியாதவர், அவ்வளவுதான். அன்றைக்கே வேலிக்கு மேலால் ஐயாவின் மனைவிக்கும், சந்தையில் இன்னும் இருவருக்கும் அந்தக் கவலையில் பங்கு கொடுத்திருக்கிறார். மறுநாள் காலை முடக்கு வீட்டு அன்ரி படலையைத் திறந்துகொண்டு வேகமாக வந்தார். இந்தமுறை கை வெறுங்கை.

"தங்கச்சி, என்ரை தூள் போயிட்டுதோ?"

"அது எப்பவோ போயிட்டுது அன்ரி. மகள் கறியும் வைச்சிருப்பா."

"உள்ளுக்கை ஒண்டும் மாறாதே? ஜேர்மனியிலை பிடிச்சுத் திருப்பி விடுறாங்களாம் எண்டு கதைக்கினம்."

"அது வேறை பொதி அன்ரி."

"ஓம், ஓம்" என்றார். என்னைப் பார்த்த பார்வையில் ஆறுதலும் இருந்தது, அவநம்பிக்கையும் இருந்தது. பின்னேரம் புழுக்கொடியல்காரர் வந்து, மகனுக்கு இப்போது வயிறு சரியில்லையாம், அனுப்பினாலும் சாப்பிடமாட்டான் என்று சொல்லிப் பொதியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போனார். எண்ணெய்ப் போத்தலும் அதே பாதையில் போயிற்று. அந்தக் கிழமை முடிவதற்குள் என் மேசைக்கடி வெறுமையாகிவிட்டது. பொதி கட்டுகிறவள் என்ற என் பெயர் ஒழுங்கையில் அப்படிக் கெட்டது. இவர் மட்டும் வெளிக்குத் துக்கமும் உள்ளே பெருமகிழ்ச்சியுமாகத் திரிந்தார்.

"பாவம், உம்மடை தொழிலே படுத்திட்டுது" என்றார் சாப்பாட்டு மேசையில், இரண்டாந்தரம் சோறு போட்டுக்கொண்டே.

ஆனால் பகல் எனக்குத் திரும்பக் கிடைத்தது. கதவு தட்டப்படாத ஒரு முழுக் காலைப்பொழுதில் இரண்டு கோப்புகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏற்கெனவே ஒப்பிட்டுப் பார்த்தவைதான். தொடக்கத்தில் கொஞ்ச தூரம் ஒன்றாகப் போய், பிறகு கடைசிவரை எல்லாமே வேறாக இருந்தன. அதனால்தான் பெரிய கோளாறு என்று இரண்டு பேரும் பயந்துபோயிருந்தோம். அன்று காலைதான் ஓர் எளிய விடயம் உறைத்தது. ஃபர்ம்வேரின் பெரும்பகுதி உள்ளே சுருக்கி அமுக்கப்பட்டு இருக்கிறது. சுருக்குவதற்கு முன்பு ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் சுருக்கிய பிறகு அதற்கப்பால் எல்லாமே குழம்பித்தான் தெரியும். குழப்பத்தை ஒப்பிட்டுப் பயனில்லை. விரித்துப் பார்க்கவேண்டும்.

இரண்டையும் விரித்தேன். ஒப்பிடும் கருவியை ஓடவிட்டேன். திரையில் ஒரே ஒரு வித்தியாசம் வந்து நின்றது.

ஒரு திகதி.

ஃபர்ம்வேருக்குள், இது எப்போது வெளியிடப்பட்டது என்று சொல்லும் ஒரு சிறிய வரி உண்டு. மாதம் ஒன்றாகத்தான் இருந்தது, வருடமும் ஒன்றுதான். நாளில் மட்டும் ஓர் இலக்கம் வேறு. என்னுடையது அவருடையதைவிட ஒரு நாள் கூட.

கதிரையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்து ஒரு சுற்று நடந்தேன். அந்தத் திகதியை யாரும் கையால் எழுதுவதில்லை. நான் பொதியோடு சேர்க்கும் மாற்றக் குறிப்பில் அதை எழுதிய கணம் பதிந்திருக்கும். செய்முறை அந்தக் கணத்தை எடுத்துத் திகதியாக மாற்றி உள்ளே வைக்கும். என்னுடைய கணினி அதை இலங்கை நேரத்தில் மாற்றியது. ஜேர்மன்காரர் பொதி கட்டும் கணினி கிரீன்விச் நேரத்தில் ஓடுவது. அது அந்த நேரத்தில் மாற்றியது. வழமையாக நான் பகலில்தான் குறிப்பு எழுதுவேன். பகலில் இங்கும் அங்கும் ஒரே நாள்தான். இந்தமுறை விடியப்புறம் எழுதினேன். அரியாலையில் சேவல் கூவிப் புது நாள் பிறந்துவிட்டது; கிரீன்விச்சில் இன்னும் நேற்று முடியவில்லை.

அப்படியானால் செய்முறையில் அந்த வரியை எழுதியது யார்? நேரத்தை உள்ளூர்க் கணக்கில் மாற்றாதே, எங்கும் ஒரே கணக்கில் மாற்று என்று சொல்ல ஒரு சிறிய எழுத்துப் போதும். அதை விட்டவர் யார்? தேடினேன். நான் இந்த வேலைக்கு வருவதற்கு முன்பே எழுதப்பட்ட வரி அது. எழுதியவரின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சைக்கிள் சில்லு இருந்தது.

அந்தக் கணத்தில் எனக்கு வந்த சந்தோஷத்தை நல்ல குணம் என்று சொல்லமுடியாது. ஆனால் சுவையாக இருந்தது.

மத்தியானம் இவர் வந்ததும் முழுக்கதையையும் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

"அப்ப உங்களுக்குள்ளையும் வாக்கியம், திருக்கணிதம் எண்டு ரெண்டு பஞ்சாங்கமோ? புது வருசம் எப்ப பிறக்குதெண்டு அம்மாவும் கச்சேரி ஐயாவும் ஒவ்வொரு சித்திரையும் சண்டை பிடிக்கிறதைப் போய் ஜேர்மன்காரருக்குச் சொல்லும். மனிசனுக்கு ஆறுதலாய் இருக்கும்."

"பகிடி விடாதேங்கோ. இப்ப என்னெண்டு அவருக்கு எழுதுறது? பிழை அவற்றை."

"பிழை அவற்றை எண்டு எழுதவேண்டாம். 'எங்கடை வரியிலை' எண்டு எழுதும்."

அப்படியே எழுதினேன். 'நம்முடைய செய்முறையில் ஒரு பழைய வரி.' பழைய என்பதை அழித்தேன். பிறகு திரும்பவும் போட்டேன். சேர்க்கவேண்டிய திருத்தத்தையும் இணைத்தேன். அனுப்பியபின் பிற்பகல் முழுக்கப் பதில் இல்லை. கோபித்துவிட்டாரோ என்று எனக்குக்கூடக் கொஞ்சம் கவலையாகிவிட்டது. சூரியன் கடல்நீரேரிப் பக்கமாய்ச் சரியத் தொடங்கியபோது வந்தது.

திருத்தத்தை ஏற்றிருந்தார். மறுபடி கட்டிப் பார்த்திருந்தார். இரண்டு இலக்கங்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதியிருந்தார், ஒரே இலக்கம். அதன் கீழே நான் ஒருநாளும் அவரிடம் காணாத நீளத்தில் ஒரு பந்தி. அந்த வரியைத் தான்தான் எழுதியதாகவும், எழுதியபோது உலகம் முழுவதற்கும் தன் கணினியின் கடிகாரமே போதும் என்று நினைத்திருந்ததாகவும், வெட்கமாக இருப்பதாகவும் சொல்லியிருந்தார். இத்தனை காலமும் அகப்படாதது இப்போது எப்படி அகப்பட்டது, நீங்கள் வழமையாக விடியற்காலையில் வேலை செய்வதில்லையே என்றும் கேட்டிருந்தார்.

என்ன செய்வது? சொன்னேன். மாமி கேட்ட கேள்வியிலிருந்து தொடங்கி, மிளகாய்த்தூள், புழுக்கொடியல், எண்ணெய்ப் போத்தல், கூரியர் கடைக் கதிரை வரைக்கும் எல்லாவற்றையும் எழுதினேன். மறுமொழி ஒரு வரியில் வந்தது. பக்கத்து அறையிலிருந்த தன் மனைவிக்கு அதைச் சத்தமாக வாசித்துக் காட்டியதாகவும், அவள் மீண்டும் ஒருமுறை வாசிக்கச் சொன்னதாகவும் எழுதியிருந்தார். முற்றுப்புள்ளி வைக்க மறந்துபோயிருந்தார்.

பொதி வெளியே போய்ச் சில நாட்களின் பின், ஒரு சனிக்கிழமை காலை, கச்சேரி ஐயா வந்து முன்விறாந்தையில் அமர்ந்தார். மாமி தேநீர் கொண்டுவந்து வைத்தார்.

"என்ன பிள்ளை, உம்மடை சிக்கல் தீர்ந்துதோ?"

"தீர்ந்துது ஐயா. இண்டைக்குக் காலமைதான் செய்தி வந்தது. எங்கையோ ஒராள் தன்ரை மெஷினை எழுப்பிப் பாத்தவராம். இலக்கம் சரி வந்து திறப்பும் குடுத்தாச்சாம்."

"ஆர் அவர்?"

"தெரியாது."

"உள்ளுக்கை என்ன வைச்சிருக்கிறார்?"

"அதுவும் தெரியாது. அந்த இடத்தை வாடகைக்குக் குடுத்த கொம்பனிக்கும் தெரியாது. பாக்க வெளிக்கிட்டாலும் பாக்கேலாது. அதுக்குத்தானே ஐயா இவ்வளவு பாடும்."

ஐயா கோப்பையைக் கீழே வைத்தார். "பொய் சொல்லாதையும். பாக்கேலாத பெட்டியெண்டு உலகத்திலை ஒண்டும் இல்லை."

"இருக்கு ஐயா."

"நான் சொல்லுறதைக் கேளும். சண்டைக் காலம், அப்ப எனக்கு வவுனியாவிலை வேலை. மனிசி கரவெட்டியிலை, தாய் தேப்பனோடை. கலியாணம் பேசி முடிஞ்சு, நாள் வைக்கேல்லை. நேரை கண்டு கதைக்க வெக்கம். அதாலை இங்கிலீசிலை ஒரு கடிதம் எழுதி, சேட்டுப் பொக்கற்றுக்கை வைச்சுக்கொண்டு வந்தனான். சோதனைச் சாவடியிலை மறிச்சாங்கள். ஒரு ஆமிப் பெடியன் கடிதத்தை எடுத்துப் பிரிச்சான். சரி, மேலோட்டமாய்ப் பாத்திட்டுத் தருவான் எண்டு நிண்டன். அவன் முதலிலையிருந்து கடைசி மட்டும் வாசிச்சான். எனக்குப் பின்னாலை சனம் வெயிலுக்கை நிக்குது. வாசிச்சு முடிச்சிட்டு, சட்டைப் பையிலையிருந்து பேனையை எடுத்தான்."

"என்னத்துக்கு?"

"பிரிஞ்சிருக்கிறம் எண்டு எழுதின இடத்திலை, செப்பரேற் எண்ட சொல்லிலை நான் ஒரு 'ஈ' போட்டிட்டன். அதை வெட்டி 'ஏ' எண்டு திருத்தி, மரியாதையாய் மடிச்சுத் தந்தவன்."

நான் சிரித்துவிட்டேன். சிரிக்கலாமா என்று தெரியாமல் நிறுத்தினேன். ஐயாவும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் பிந்தி.

"பேந்து அந்தக் கடிதத்தைக் குடுத்தனீங்களோ?"

"குடுத்தன். மனிசி வாசிச்சிட்டு முதல் கேட்ட கேள்வி, இந்த எழுத்து ஆற்றை எண்டுதான். என்ரை கையெழுத்து அவவுக்கு அதுக்குள்ளை பழகிப் போச்சு." தேநீரை எடுத்து மிச்சத்தைக் குடித்தார். "இப்பவும் அந்தச் சொல்லை எழுதேக்கை அவன்ரை ஞாபகம் வரும். அவனும் ஆரோ ஒருத்தியைப் பிரிஞ்சுதானே அங்கை நிண்டிருப்பான். அது சரி. ஆனா அண்டைக்கு வழி முழுக்க எனக்கு உடுப்பில்லாமல் பஸ்ஸிலை இருந்த மாதிரி இருந்தது, பிள்ளை."

ஒழுங்கையில் ஒரு மீன்காரர் மணியடித்துக்கொண்டு போனார்.

"உண்மையாய் அந்தக் கொம்பனிக்காரனாலை ஏலாதோ?" என்று மறுபடி கேட்டார்.

"ஏலாது ஐயா."

"அவன் தலைகீழாய் நிண்டாலும்?"

"நிண்டாலும் ஏலாது."

வேலிக்கு அப்பாலிருந்து அவருடைய மனைவி கூப்பிட்டார், சந்தைக்குப் போகவேண்டுமாம். ஐயா எழுந்து சாரத்தை உதறிக் கட்டிக்கொண்டார். படலைவரை போனவர் கையைப் படலையில் வைத்தபடி திரும்பிப் பார்த்தார்.

"உது நல்ல பெட்டிதான் பிள்ளை" என்று சொல்லிவிட்டுப் போனார்.